சனிக்கிழமை வந்த பெண்

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் எழுதுவது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள் என்பதை வழக்கம்போல ஒரு வரியில் முடித்துவிடாமல் எழுதுங்கள்.

போனில் கூப்பிட்டால் "சாப்பிட்டியா, சரி வச்சிடவா" என்பதைத் தாண்டி நீங்கள் பேசியதில்லை. கையில் பேனா கிடைத்தால்தான் உங்களுக்கு வாயே திறக்கிறது. அதனால்தான் விடுதியில் எல்லோரும் சிரித்தாலும் இன்னும் தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் ஒரு அனுமதி கேட்க வேண்டும். அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். இப்போதே கடைசிப் பக்கத்தைப் புரட்டாதீர்கள்.

இந்த வருஷப் படிப்பு தொடங்கிய புதிதில் ஒரு கடிதம் எழுதினீர்களே, நினைவிருக்கிறதா? ஆஸ்பத்திரியின் பேச்சுப் பயிற்சிப் பிரிவிலிருந்து சனிக்கிழமைதோறும் ஒரு கல்லூரிப் பெண் வருகிறாள், படம் போட்ட அட்டைகளைக் காட்டி அம்மாவைப் பேச வைக்கப் பார்க்கிறாள், ஒரு வாய் காப்பிகூட வாங்கிக் குடிப்பதில்லை, யார் பெற்ற பிள்ளையோ என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபோது எனக்கு வந்தது நன்றி இல்லை அப்பா, வயிற்றெரிச்சல். பக்கவாதம் வந்து அம்மாவுக்குப் பேச்சு போன பிறகு நான் அவள் பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு விடுமுறைதான். அது முடிவதற்குள் "படிப்பைக் கெடுத்துக்காதே" என்று நீங்களே ரயில் ஏற்றிவிட்டீர்கள். யாரோ ஒருத்தி நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து செய்வதை, நான் இங்கே இன்னொருத்தர் வீட்டில் உட்கார்ந்து செய்தால் ஏதோ ஒன்று சரியாகிவிடும் என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் தன்னார்வலர் தேவை என்று எங்கெல்லாம் எழுதி ஒட்டியிருந்தார்களோ அங்கெல்லாம் ஏறி இறங்கினேன்.

முதலில் நூலகம். கண் தெரியாதவர்களுக்குப் புத்தகம் வாசித்துக் காட்ட வேண்டும். தொண்டையெல்லாம் சரிசெய்துகொண்டு போனால், வாசிக்க வந்தவர்கள் ஒரு பெஞ்சு நிறைய, கேட்க வந்தவர் ஒரே ஒருவர். அவரும் எங்கள் மேல் பரிதாபப்பட்டு ஆளுக்கு ஒரு பக்கம் வாசிக்க விட்டார். எனக்கு வந்த பக்கத்தில் பாதி படம். அதை எப்படி வாசிப்பது? நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சேவை செய்தது நானா அவரா என்று இன்றைக்கும் சந்தேகம்.

அப்புறம் குளக்கரை சுத்தம் செய்யும் குழு. கையுறை கொடுத்தார்கள், பனியன் கொடுத்தார்கள், குப்பையைக் குவித்து அதன் பக்கத்தில் நிற்க வைத்துப் படமும் எடுத்தார்கள். குப்பையை அள்ளிக்கொண்டு போக வண்டி மட்டும் வரவில்லை. அடுத்த வாரம் போனபோது காற்றடித்து எல்லாம் பழையபடி குளத்துக்கே போய்ச் சேர்ந்திருந்தது. அதே குப்பையை அதே பனியனோடு மறுபடி அள்ளினோம்.

நாய்க் காப்பகத்துக்காரர்தான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பினார். போனதும் போகாததுமாக "எவ்வளவு நாள் வருவே?" என்று கேட்டார். பரீட்சை வரைக்கும் என்றேன். அப்படியென்றால் நாயைத் தொடாதே, தட்டைக் கழுவிட்டுப் போ என்றார். "பழகின ஆளு வரலைன்னா அதுங்க சோத்தைத் திரும்பிப் பாக்காது. உனக்குப் பொழுதுபோக்கு, எனக்குல்ல தலைவலி" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று வந்துவிட்டேன்.

கடைசியாக எங்கே போனேன் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். இங்குள்ள ஆஸ்பத்திரியிலும் அதே பேச்சுப் பயிற்சிப் பிரிவு இருக்கிறது. சில நாள் வகுப்பு வைத்தார்கள். அட்டையை எப்படிக் காட்டுவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது, கையைத் தட்டித் தட்டி ஒரு சொல்லை எப்படி வரவழைப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு விதி. அவர்கள் என்ன சொன்னாலும் திருத்தக் கூடாது. குடையைக் காட்டிக் கேட்கும்போது சாவி என்றாலும் சரி, சந்தோஷமாகத் தலையாட்ட வேண்டும். ஒரு தடவை தப்பு என்று சொல்லிவிட்டால் திறந்த வாய் மூடிக்கொள்ளும், மறுபடி திறக்க மாசக்கணக்காகும் என்றார்கள்.

எனக்குக் கிடைத்தது ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர். அவர் வீட்டில் ஜன்னலோரம் கட்டில், கட்டில் சட்டத்தில் ஒரு சைக்கிள் மணி. ஆளைக் கூப்பிட அதைத்தான் அடிக்கிறார். வாரக்கணக்கில் "ம்" தவிர ஒன்றும் இல்லை. அவர் மனைவி எனக்காகச் சங்கடப்பட ஆரம்பித்துவிட்டார். போன சனிக்கிழமை நான் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது டிரைவர் என்னைப் பார்த்து "பொம்மி" என்றார். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். வெளிநாட்டில் இருக்கும் அவர்கள் மகளின் செல்லப் பெயராம் அது, அவள் ஊருக்கு வந்து பல வருஷமாகிறதாம். நான் விதிப்படி நடந்தேன். "சொல்லுப்பா" என்றேன். அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதற்கப்புறம் கடிகாரம் என்றார், பஸ் என்றார், சைக்கிள் மணியை அடித்து அடித்துச் சிரித்தார். அப்பா, நான் உருப்படியாகச் செய்த முதல் காரியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அனுமதி இதுதான். இந்த விடுமுறைக்கு வராமல் இங்கேயே இருக்கட்டுமா? பேச்சு வர ஆரம்பித்த நேரத்தில் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. அம்மாவுக்குத்தான் அந்தப் பெண் இருக்கிறாளே.

இன்னொன்றும் கேட்க வேண்டும். முன்பெல்லாம் நான் போன் செய்தால் அம்மா மூச்சு விடுவதாவது கேட்கும். இப்போது அவள் காதில் வைத்த உடனே எடுத்துவிடுகிறீர்கள். நான் கூட இல்லை என்று அவளுக்கு என் மேல் கோபமா? நான் சுண்டுவிரல் அளவுதான் பிறந்தேன் என்று அவள் வைத்த பேரை அவளைத் தவிர யாரும் கூப்பிட்டதில்லை. உங்களுக்கு என்றைக்கும் நான் "ஏ பிள்ளை"தான். அவள் வாயால் அதை மறுபடி ஒரு தரம் கேட்டுவிட்டால் போதும், எனக்கு வேறொன்றும் வேண்டாம். அந்தப் பெண்ணிடம் சொல்லி அந்தச் சொல்லையும் பழக்கிப் பார்க்கச் சொல்லுங்களேன்.

இப்படிக்கு,
உங்கள் மகள்,
அம்மாவின் சுண்டு


அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. கடிதம் வந்தது. அதை வீட்டில் வைத்துப் படிக்க முடியவில்லை, காகிதத்தைக் கண்டால் உன் அம்மா கையை நீட்டுவாள். அதனால் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய், பழுது பார்க்கப் போன கட்டடத்து மொட்டை மாடியில் லிஃப்ட்டின் மோட்டார் அறையில் உட்கார்ந்து படித்தேன். கீழே ஒரு மனுஷர் லிஃப்ட் எப்போ வரும், எப்போ வரும் என்று கத்திக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கத்தைப் புரட்டக் கூடாது என்று எழுதியிருந்தாய். நான் அங்கிருந்துதான் ஆரம்பித்தேன். லிஃப்ட் பெட்டி எந்த மாடியில் நிற்கிறது என்று தெரியாமல் நான் கதவைத் திறப்பதில்லை.

ஒரு வரியில் முடிக்கக் கூடாது என்றாயே, இந்தா கேட்டுக்கொள். எனக்கு முட்டி வலி. இத்தனை வருஷமாக மேலேயும் கீழேயும் போய்க்கொண்டே இருக்கிறேன், ஒரு அடி முன்னால் போகவில்லை என்று மேஸ்திரியிடம் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை. நான் வெளியே போகும்போது பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா தைத்த துணிகளை நம் கூடத்துக்கே கொண்டுவந்து பித்தான் வைத்துக்கொண்டு அம்மாவுக்குத் துணையாக இருக்கிறாள். உன் அம்மா இடது கையால் பித்தான்களை நிறம் பார்த்துப் பிரித்துக் கொடுக்கிறாள். வலது கை மடங்கினபடியேதான் இருக்கிறது. தடியை ஊன்றி ஜன்னல் வரை நடக்கிறாள். சாப்பாடு இறங்குகிறது. அது வரைக்கும் நல்ல செய்தி.

நீ கேட்டதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் வேறொன்றை எழுத வேண்டும். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உன் டிரைவரைப் பற்றிப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. உட்கார்ந்து படி.

உன் அம்மா அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டாள். பழக்கச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்தப் பெண் குடை அட்டையைக் காட்டிக்கொண்டிருந்தாள். உன் அம்மா அட்டையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து, திக்கித் திக்கி, "சுண்டு" என்றாள். அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் உனக்குச் சொல்லிக்கொடுத்ததையேதான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "என்னம்மா" என்றாள். உன் அம்மா அழுதாள், சிரித்தாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உடனே உன்னைக் கூப்பிட்டு, உன் பேரைச் சொல்லிட்டா என்று சொல்லப் போனை எடுத்தேன். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று நீ கேட்பாயே. வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் பேச்சு மளமளவென்று வந்தது. கடிகாரம், குடை, தண்ணீர். வந்தவுடனே "சாப்பிட்டியா" என்று அவளைக் கேட்பாள். இடது கையால் அவளுக்குத் தலைவாரி விடுவாள், கோணலும் மாணலுமாக. அந்தப் பெண் அப்படியே வீட்டுக்குப் போவாள், கலைக்க மாட்டாள். இதைப் படித்துவிட்டு அவள் மேல் கோபப்படாதே, நல்ல பிள்ளை. பேச்சுப் பயிற்சி டீச்சரிடமும் போய்க் கேட்டேன். பேச்சு வருகிற நேரம், தடுக்காதீங்க, யார் என்ன என்பதை அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம் என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பெண் எதிரே உட்கார்ந்திருக்கும்போது நீ போன் செய்தாய். வழக்கம்போல நான் உன் அம்மா காதில் வைத்தேன். நீ "அம்மா, நான்தான் சுண்டு" என்றாய். உன் அம்மா எதிரே பார்த்தாள். சுண்டு அங்கே உட்கார்ந்து அட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். மறுபடி போனைப் பார்த்தாள். அவள் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. போனைத் தட்டிவிட்டு "பொய்" என்றாள். அந்த வாரம் வந்த புதுச் சொல் அதுதான். அன்றிலிருந்து போன் மணி அடித்தாலே அதையே சொல்கிறாள். அது உன் காதில் விழுந்துவிடக் கூடாதே என்றுதான் சட்டென்று எடுத்துவிடுகிறேன். அவளுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. கோபமாக இருந்தால் பரவாயில்லையே, சமாதானம் செய்துவிடலாம்.

சுவரில் இருக்கும் உன் படத்தை இறக்கிக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தாள். "யாரு?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் "நல்ல பொண்ணு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இப்போது அந்தப் பெண்ணும் வருவதில்லை. அவளுக்குப் படிப்பு முடிந்தது, வேறு ஊரில் வேலை. கடைசி நாள் பழம் வாங்கிக்கொண்டு வந்து, "போயிட்டு வரேம்மா" என்றாள். வேறு என்ன சொல்வாள் பாவம், நான் உங்க பொண்ணு இல்லை, இனிமே வரமாட்டேன் என்றா? வாசலில் நின்று என்னிடம் அழுதாள். சனிக்கிழமை வந்தால் உன் அம்மா தையல்காரம்மாவிடம் தலைவாரிக்கொண்டு, நல்ல துணி உடுத்தி ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுகிறாள். வந்த சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போகின்றன. குடை போய்விட்டது, கடிகாரம் போய்விட்டது. "சுண்டு" மட்டும் இருக்கிறது. அதை ஜன்னலைப் பார்த்துச் சொல்கிறாள். டாக்டரைக் கேட்டால், இது இப்படித்தான், பெரிசா எதிர்பார்க்காதீங்க என்கிறார். வேறொரு மாணவியை அனுப்பட்டுமா என்று பேச்சுப் பயிற்சி டீச்சர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

லிஃப்ட் நடுவில் நின்றுபோய் ஆள் உள்ளே மாட்டிக்கொண்டால் "இதோ அஞ்சு நிமிஷம்" என்று மட்டும் சொல்லக் கூடாது என்று என்னிடம் வேலை பழகியவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். நேரமாகும், உட்காருங்கள் என்றால் மனுஷன் உட்கார்ந்துகொள்வான். இதோ இதோ என்றால் கதவைப் பிராண்டுவான். இதெல்லாம் தெரிந்த நான்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் உன் அம்மாவிடம் "இதோ வந்துடுவா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன் டிரைவர் விஷயத்துக்கு வருகிறேன். நீ தப்புச் செய்ததாக நினைக்காதே. சொல்லிக்கொடுத்ததைச் செய்தாய், அவரும் சிரித்தார், அந்தச் சிரிப்பு பொய் இல்லை. ஆனாலும் நீ ஏறி இறங்கிய இடங்களில் உன்னிடம் ஒளிவுமறைவில்லாமல் பேசியவர் அந்த நாய்க் காப்பகத்துக்காரர் ஒருவர்தான் என்று எனக்குப் படுகிறது. அடுத்த சனிக்கிழமை போ. அவர் பொம்மி என்று கூப்பிட்டால் உன் சொந்தப் பேரைச் சொல். ஆஸ்பத்திரிக்காரர்கள் திட்டினால் திட்டட்டும். அவர் முகம் சுருங்கிவிடும், ஒருவேளை மறுபடி "ம்" மட்டும்தான் மிஞ்சும். அதைக் கண்ணால் பார்ப்பது கஷ்டம், தாங்கிக்கொள். எந்த நாளோடு நிற்கப்போகிறாய் என்பதையும் அவர் மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. கூடவே, மகளை வரச் சொல்லுங்கள், சீக்கிரம் வரச் சொல்லுங்கள் என்று சொல். அவர் மகளும் எங்கேயோ ஒரு அறையில் உட்கார்ந்துகொண்டு, அப்பாவுக்கு என் மேல் கோபமா என்று யோசித்துக்கொண்டிருப்பாள்.

அதை முடித்துவிட்டு ரயில் ஏறு. நீ வந்தால் உன் அம்மா உன்னைத் தெரிந்துகொள்வாள் என்று நான் எழுத மாட்டேன். தெரிந்துகொள்ள மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தே உன்னைக் கூப்பிடுகிறேன், எனக்குத் தனியாக முடியவில்லை பிள்ளை.

சனிக்கிழமை வராதே, வேறு ஏதாவது கிழமையில் வா. வந்ததும் நான்தான் சுண்டு என்று சொல்லிவிடாதே, பயந்துபோவாள். பெட்டியை வெளியே வைத்துவிட்டு உள்ளே போய் அந்த நாற்காலியில் சும்மா உட்கார். உன்னை நர்ஸ் என்று நினைத்துக்கொள்வாள், அல்லது தையல்காரம்மாவின் சொந்தக்காரி என்று நினைத்துக்கொள்வாள். எங்க சுண்டு எப்போ வருவா என்று உன்னிடமே கேட்டாலும் கேட்பாள். அழுகை வந்தால் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துகொள். எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திருத்தாதே. "என்னம்மா" என்று திரும்பிப் பார்.

நன்றாக இரு, பிள்ளை. வா.

இப்படிக்கு,
அப்பா